சிவப்புக் கொடி காட்டி அழைத்த நான்காம் லேன்

1. வேகம் கூட்டிய லாரி

நான்காம் லேனில் ஏணி போட்டு, கூரை விளிம்பிலிருந்த சிக்னலைக் கழற்றிக்கொண்டிருந்தார் எலக்ட்ரீஷியன் அந்தோணி. லேன் அட்டெண்டன்ட் கஸ்தூரி லேன் வாயிலில் நின்று சிவப்புக் கொடியை ஆட்டினார். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த மினி லாரி, கொடியைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டியது.

டிரைவர் குடித்திருக்கவில்லை. தூங்கவும் இல்லை. நாங்கள் கற்றுக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்தார், அவ்வளவுதான்.

2. கற்றுக்கொடுத்த விதம்

கள்ளக்குறிச்சிப் பக்கம் நெடுஞ்சாலையில் இருந்த அந்த டோல் பிளாசாவில் நான் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தேன். நடைமுறைக் கையேடு எனக்கு மனப்பாடம். மேனேஜரிடமும் ஒரு பிரதி உண்டு. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார்.

டிரைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். லேனுக்கு மேலே பச்சை அம்பு எரிந்தால் வரலாம். சிவப்புப் பெருக்கல் குறி எரிந்தால் அந்த லேன் மூடியிருக்கிறது, வேறு லேனுக்குப் போக வேண்டும். உள்ளே வந்தபின், ஃபாஸ்டேக் படிக்கப்பட்டதும் பூத் அருகிலுள்ள சின்ன விளக்கு பச்சையாகும், குறுக்கே நிற்கும் பூம் தடுப்பு உயரும், போகலாம்.

நான்காம் லேனில் பச்சை அம்பு செத்துப்போனது. சிவப்பு மட்டும் தீர்க்காயுசாக எரிந்தது. பழுது பார்க்கும்வரை லேனை மூடிவிடலாம் என்றேன்.

"லேன மூடினா க்யூ நிக்கும். க்யூ நின்னா போட்டோ எடுத்துப் போடுவானுங்க. ஒரு ஆள நிறுத்தி, கொடி ஆட்டி கூப்பிடச் சொல்லுங்க சார்" என்றார் மேனேஜர்.

"கூப்பிட பச்சைக் கொடி வேணும். கான்டிராக்டர் குடுத்தது எல்லாம் சிவப்பு."

"துணி ஆடினா போதும் சார். கலர யாரு பாக்கறாங்க?"

எல்லாரும் பார்த்தார்கள். மேலே சிவப்பு, கையில் சிவப்பு, லேனோ திறந்திருக்கிறது. முதலில் டிரைவர்கள் குழம்பினார்கள். பிறகு கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். விஷயம் தெரியாத வெளியூர் வண்டிகள் மற்ற லேன்களில் முட்டி மோத, தியாகதுருகம் வேன்காரர்கள் தூரத்திலேயே சிவப்பைத் தேடி வந்தார்கள். ஒருநாள் கஸ்தூரி கொடியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு தண்ணீர் குடித்தார். ஒரு வேன் சடாரென நின்றது.

"யக்கா, கொடிய ஆட்டுக்கா! நீ ஆட்டலன்னா லேன மூடிட்டாங்களோன்னு பயமா கீது!"

3. கூம்புகள் இருந்த இடம்

கடைசியில் புது சிக்னல் வந்தது. முதல்முறையாக நான்காம் லேனை உண்மையிலேயே மூட வேண்டிய நாள். வாயிலில் தடுப்புக் கூம்பு வைக்காமல் ஆளை மேலே ஏற்றக் கூடாது என்பது விதி. எங்கள் கூம்புகள் வேப்பமரத்தடியில் மேனேஜர் காருக்கு நிழலில் இடம் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்துவர நான் போனேன். "ஏறுய்யா, ஏறுய்யா" என்று மேனேஜர் விரட்டியதில், நான் திரும்பும்முன் அந்தோணி ஏணி உச்சியில் இருந்தார்.

லாரி வந்தது. கஸ்தூரி பதறி, கொடியை இன்னும் வேகமாக ஆட்டினார். சீக்கிரம் வரச் சொல்கிறார் என்று டிரைவர் புரிந்துகொண்டார். கஸ்தூரிக்கும் அது புரிந்துவிட்டது. கொடியை வீசி எறிந்துவிட்டு, லேன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு முழத் தூரத்தில் லாரி நின்றது. கிழங்குகள் சரிந்து விழுந்தன.

"ஏம்மா, நீயே கூப்ட்டுட்டு நீயே குறுக்க ஒக்காந்துக்கினா இன்னா அர்த்தம்?" என்று டிரைவர் கத்தினார்.

"மேல பாருய்யா! ஆள் நிக்கறாரு!"

"மேல எப்பவும் செவப்புதான எரியும்! அத எவன் பாக்கறான்?"

ஏணியை இரு கையாலும் அணைத்துக்கொண்டிருந்த அந்தோணி என்னைப் பார்த்தார். "சார், எறங்கட்டுமா, இல்ல அடுத்த வண்டி வந்து எறக்கி வுடுமா?"

4. விசாரணை

'நிறுத்தச் சைகை காட்டத் தவறினார்' என்று மேனேஜர் ரிப்போர்ட் எழுதினார். கஸ்தூரியை வேலையை விட்டு அனுப்பப் பரிந்துரை. ஓர் உயிரைக் காப்பாற்றியவருக்கு எங்கள் பிளாசாவின் சன்மானம் அது. கஸ்தூரியின் கணவருக்கு மழை பெய்தால் கூலி வேலை கிடையாது. அந்த வீட்டில் மாதம் தவறாமல் வரும் சம்பளம் இவருடையது மட்டும்தான்.

"நான் காட்டுனேன் சார். வண்டிக்காரங்க கிட்ட கேளுங்க. வேற இன்னா செய்யணும்னு சொல்லுங்க, செய்றேன். வேலய மட்டும் எடுத்துடாதீங்க" என்றார் கஸ்தூரி, விசாரிக்க வந்த பாதுகாப்பு அதிகாரியிடம்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "சிவப்புக் கொடியப் பாத்து வண்டி வேகமா வருமா? நம்பற மாதிரி சொல்லுங்க."

"நான் சொல்ல வேண்டாம் சார். வந்து நின்னு பாருங்க."

அதே கொடி, அதே இடம். புது சிக்னல் இன்னும் மாட்டவில்லை, மேலே பழைய சிவப்புதான். கஸ்தூரி ஆட்டினார். பால் வேன் உற்சாகமாக உள்ளே வந்தது. செங்கல் லாரி வந்தது. அடுத்து ஒரு வெள்ளைக் கார், இரண்டாம் லேன் க்யூவிலிருந்து விலகி, கொடியை நோக்கி விரைந்து வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. விசாரணைக்குத் தாமதமாக வந்த எங்கள் மேனேஜர்.

"இன்னும் நல்லா ஆட்டும்மா. அங்கருந்து தெரியவே இல்ல."

பிறகுதான் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி ரிப்போர்ட்டைக் காருக்குள் நீட்டினார். "இத நீங்களே திருத்திக் குடுங்க சார்."

5. பச்சைக்கு வந்த சோதனை

கஸ்தூரி வேலையில் நீடித்தார். பச்சைக் கொடிகளும் வந்து சேர்ந்தன. முதல் நாள் அவர் ஒன்றை எடுத்து ஆட்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஒரு டிராக்டர்காரர் இறங்கியே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, விவசாய சங்கத்து மறியலா? சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே!"

தொண்டை கட்டும்வரை "வா, வா" என்று கத்தித்தான் பச்சையைப் புரியவைத்தார் கஸ்தூரி. சிவப்புக்கு நிற்கவைக்க அதைவிட அதிக நாள் ஆனது.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். பழுதான சிக்னலை வைத்து ஒரு நாள்கூடச் சமாளிக்காதீர்கள். நம் டிரைவர்களுக்குப் புத்தி மந்தம் என்று உங்கள் மேனேஜர் சொல்லுவார். நம்பாதீர்கள். தப்பாகச் சொல்லிக்கொடுத்தால்கூட ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.