ரவுட்டரைப் பிடுங்கிய பிறகு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆம்பூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன், அதோடு சரி. இதைப் படித்து நீங்கள் சிரித்தாலும் வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

என் மகன் ஜோயல் கல்யாணங்களுக்கு சவுண்ட் போடுகிறவன். பைபாஸில் பைக்கிலிருந்து விழுந்து, வேலூரில் ஐ.சி.யு.வில் கிடந்தான். மூச்சை மெஷின்தான் விட்டுக்கொண்டிருந்தது. அன்று காலை டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, "மூளை வேலை செய்யல. மெஷினை எடுக்கறதைப் பத்தி யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க" என்றார். அவன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஆம்பூரில் ஒரு ரிசப்ஷன், ஜோயல் முன்னமே ஒத்துக்கொண்டது. அவனோடு தொழில் செய்யும் இர்ஃபான் போன் செய்தான். "தப்பா நெனச்சுக்காதீங்க ஆன்ட்டி. ஜோயலோட டேப்லெட் இல்லன்னா மிக்ஸரை ஒண்ணும் பண்ண முடியாது."

அவர்களுடைய மிக்ஸர் ஒரு கறுப்புப் பெட்டி, திருக ஒரு குமிழ்கூடக் கிடையாது, எந்த மைக்கின் சத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதும் வைஃபையில், அந்த டேப்லெட்டிலிருந்துதான். வீட்டிலிருந்து எடுத்துப் போய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வர மனசு வரவில்லை, அதன் கண்ணாடியில் அவன் விரல் ரேகை அப்படியே இருந்தது. இர்ஃபான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜோயலாக இருந்தால் அந்த வைஃபையைத் தரும் ரவுட்டரை ஆள் உயரத்துக்கு மேலே ஸ்பீக்கர் ஸ்டாண்டில் கட்டியிருப்பான். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், சிக்னலைக் குடித்துவிடும். இர்ஃபான் அவசரத்தில் மேடைக்கு அடியில் வைத்துவிட்டான். காலி மண்டபத்தில் நன்றாகத்தான் வேலை செய்தது. கூட்டம் நிறைந்து ஆளாளுக்குப் போனைத் தூக்கியதும் டேப்லெட்டில் 'இணைப்பு இல்லை' என்று வந்தது, பாடகியின் மைக் கீயென்று கூவத் தொடங்கியது.

"இன்னாப்பா இது, கச்சேரியா, லாரி பிரேக் அடிக்குதா?" என்று பெண்ணின் மாமா கத்தினார்.

"ரெண்டே நிமிஷம்ணே!" டேப்லெட்டை என் மடியில் போட்டுவிட்டு, ரவுட்டரை நிறுத்திப் போட இர்ஃபான் ஓடினான். அவன் குனிந்து பிளக்கைப் பிடுங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான், நம்பினால் நம்புங்கள், கூவல் மெல்ல அடங்கியது. தபேலா கொஞ்சம் கீழே போனது, பாட்டு மேலே வந்தது. மாப்பிள்ளையின் அம்மா மைக்கை வாங்கி நாலு வார்த்தை வாழ்த்தினார், பூனை மாதிரிக் குரல், ஆனால் இசை தானே ஒதுங்கி வழிவிட, கடைசி வரிசைவரை ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

இர்ஃபான் பிளக்கைக் கையில் பிடித்தபடியே வந்தான். "எதனா தொட்டீங்களா ஆன்ட்டி?"

"இல்லப்பா." மடியிலிருந்த திரையைக் காட்டினேன். இணைப்பு இல்லை.

"கனெக்ஷன் போனா கடைசியா வெச்ச அளவுல அப்படியே நிக்கணும். தானா ஏறி இறங்காது. இது ஜோயல் கை ஆன்ட்டி."

நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "கண்ணு தெறந்தானா?"

"இல்ல ஸ்டெல்லா. அப்படியேதான் கெடக்கறான். ஏன் கேக்கற?" என்றார் அவன் அப்பா.

எல்லோரும் பந்திக்குப் போனபின் நான் மேடையேறி, கம்பியில்லாத மைக் ஒன்றைக் கையில் எடுத்தேன். ரவுட்டர் இன்னும் பிடுங்கியபடியே கிடந்தது. "ஜோயல், அம்மாடா. அம்மா உன்ன விடமாட்டேன்டா" என்றேன். மண்டபம் முழுக்க என் குரல் கேட்டது. திரும்பச் சொன்னேன், குரல் சின்னதானது. இன்னொரு தடவை சொன்னேன், இன்னும் சின்னதானது. கடைசியில் என் தொண்டைச் சத்தம் மட்டும்தான் எனக்கே கேட்டது.

மறுநாள் கையெழுத்துப் போட்டோம். மெஷினை எடுத்தார்கள்.

மைக்கில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று இர்ஃபான் இப்போது சொல்கிறான், என்னைத் தேற்றத்தான். தீர்ந்தால் சத்தம் பட்டென்று அறுந்துபோகும், அது அவனுக்கும் தெரியும். அன்று அப்படி அறுந்துபோகவில்லை. விடமாட்டேன், விடமாட்டேன் என்று நான் சொல்லச் சொல்ல, யாரோ என் குரலை வலிக்காமல், கொஞ்சங்கொஞ்சமாக இறக்கினார்கள். போதும்மா என்று அதற்கு அர்த்தமா, நானாகவே அப்படி எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேனா, எனக்குத் தெரியவில்லை.