டி டிரைவில் கை வைக்காதே

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அக்கா தன் கம்ப்யூட்டரின் சி.பி.யு. பெட்டியைப் போர்வையில் சுற்றி, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். பின்னால் டிக்கியில் போடச் சொன்னாராம் கண்டக்டர். "நான் வேணா டிக்கியில வரேன், இது சீட்டுல வரட்டும்னேன்" என்றாள். கடலூரிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததில் கால் மரத்துப்போய், ஆட்டோவில் ஏறத் தடுமாறினாள். நான் பெட்டியை வாங்கப் போனால் தரவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சரிசெய்யச் சொல்லி என்னிடம்தானே கொண்டுவந்திருக்கிறாள்!

அக்கா கடலூர் மஞ்சக்குப்பத்தில் தன் வீட்டிலேயே எம்பிராய்டரி மெஷின் வைத்துக் கல்யாண ப்ளவுஸ்களுக்கு வேலை செய்கிறாள். டிசைனை முதலில் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். அதைப் பார்த்துத்தான் மெஷின் தைக்கும். இத்தனை வருஷமாக அவள் வரைந்ததெல்லாம் அந்த ஹார்டு டிஸ்க்கில், டி டிரைவில் இருந்தது. நகல் எங்கும் இல்லை. போன வாரம் ஏதோ அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது. அதோடு சரி, கம்ப்யூட்டர் திறக்கவே இல்லை. கம்ப்யூட்டரை இயக்கும் ஓ.எஸ். கெட்டுவிட்டது, புதிதாகப் போட வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைகளில் எந்த நோய்க்கும் ஒரே மருந்துதான், எல்லாவற்றையும் அழிக்கும் ஃபார்மட். மெதுவாக ஓடுகிறதா, ஃபார்மட். பாஸ்வேர்டு மறந்துவிட்டதா, அதற்கும் ஃபார்மட். "மொத்தமா அடிச்சுரலாம்க்கா, புதுசு மாதிரி ஆயிடும். விட்டுட்டுப் போங்க" என்றாராம் கடைக்காரர். விட்டுவிட்டு வர இவளுக்கு மனசு வரவில்லை. வீட்டில் மாமா, "அழிஞ்சா அழியட்டும், திரும்ப வரஞ்சுக்க வேண்டியதுதான" என்றாராம். இதைச் சொல்லும்போது அக்காவின் மூக்கு நுனி சிவந்துவிட்டது.

எனக்குக் கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது. கீரப்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் தாவரவியல் டீச்சர். ஆனால் ஓடிக்கொண்டிருந்த ஒரு சாமான் ஏன் நின்றது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மிக்சி, அயர்ன் பாக்ஸ், மாமியாரின் பி.பி. மெஷின் எதையும் விட்டுவைத்ததில்லை. குரங்குப் புத்தி என்று அக்காவே எத்தனையோ தடவை வைதிருக்கிறாள். இப்போது அந்தக் குரங்கை நம்பித்தான் வந்திருந்தாள்.

"என்ன வேணா பண்ணு. டி-யில மட்டும் கை வெச்ச, ஒடச்சிருவேன்" என்றாள்.

எங்கள் வீட்டு டி.வி.யையே மானிட்டராக மாட்டினோம். என் லேப்டாப்பில் ஓ.எஸ்.ஸைப் பென் டிரைவில் ஏற்றி, சி.பி.யு.வின் முன்பக்கம் சொருகினேன். பெட்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எடுத்துத் துடைத்துச் சொருகினாலும் அதே கதை. டார்ச் அடித்துப் பார்த்தால் சொருகும் ஓட்டைக்குள் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது.

"என்னாக்கா இது?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சந்தனம். ஆயுத பூஜைக்கு வெச்சது. அந்த ஓட்டை ரெண்டும் கண்ணு மாதிரி இருக்குமா, மேலாப்புல ஒரு பொட்டு வெச்சேன்."

"மேலாப்புலயா? கண்ணுக்குள்ளயே அப்பியிருக்க!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பின்பக்கம் சாமி கும்பிடாத ஓட்டைகள் இருந்தன. அதில் சொருகியதும் ஓ.எஸ். போடும் திரை வந்துவிட்டது.

சிரிப்பு அதோடு நின்றது. பழைய ஓ.எஸ். இருந்த சி டிரைவைத் தேர்ந்தெடுத்தால், இந்த டிஸ்க் பழைய முறையில் பிரிக்கப்பட்டது, இதில் போட முடியாது என்று மறுத்தது. போனில் தேடினேன். வீடியோவில் பேசியவர்கள் எல்லாரும் ஒரே குரலில், எல்லாப் பிரிவையும் டெலிட் பண்ணுங்கள் என்றார்கள். அப்படிச் செய்தால் டி-யும் போய்விடும். முதலில் டிஸ்க்கைக் கழற்றி நகல் எடுத்திருக்கலாம். அதற்கு வேண்டிய ஒயர் என்னிடம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கடையும் இல்லை. டெலிட் பட்டன் எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் அம்புக்குறியை நகர்த்தினேன், அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நகம் பதிந்தது.

"வேணாம்டி. விட்டுரு. இப்படியே எடுத்துட்டுப் போறேன்."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று மண்டையைக் குடைந்தது. போன வாரம் வரை இதே டிஸ்க், இதே பெட்டிக்குள் ஓடிக்கொண்டுதானே இருந்தது? நேற்றுவரை குடியிருந்த வீட்டில் இன்றைக்குக் குடியேற முடியாது என்றால் என்ன நியாயம்? அக்காவைத் துருவினேன். பழைய கம்ப்யூட்டர் கெட்டபோது மாமா புதுப் பெட்டி வாங்கி, டிஸ்க்கை மட்டும் பழையதிலிருந்து எடுத்து மாட்டச் சொன்னாராம். அப்படியென்றால் புதுப் பெட்டியில் பழைய டிஸ்க்கை யாரோ ஓட வைத்திருக்கிறார்கள். வழி இருக்கிறது.

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். எதிலிருந்து தொடங்குவது என்று பெட்டி கேட்கும் பட்டியலை இந்தத் தடவை அவசரப்படாமல் படித்தேன். சொருகியிருப்பது ஒரே பென் டிரைவ். பட்டியலில் அது இரண்டு தடவை இருந்தது! ஒன்றின் முன்னால் மட்டும் யு.இ.எஃப்.ஐ. என்று கூடுதலாக நான்கு எழுத்து. நான் இதுவரை மேலே இருந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கியிருந்தேன். தேடிப் பார்த்ததில் புரிந்தது. அந்த எழுத்துகள் உள்ளது புது முறையில் தொடங்குவது. அந்த வழியாகப் போனால் டிஸ்க்கும் புது முறையில் இருக்க வேண்டும் என்று அடம் பிடிக்கும். எழுத்தில்லாதது பழைய முறை. டிஸ்க்கில் குற்றமே இல்லை, நான் நுழைந்த வாசல்தான் தப்பு. ஐயோ, இதற்கா எல்லாரும் அழி அழி என்றார்கள்!

எழுத்தில்லாத இரண்டாவதை அமுக்கினேன். சி-யை மட்டும் அழித்தேன், டி-யைத் தொடவில்லை. எதிர்ப்பே இல்லாமல் ஓ.எஸ். ஏற ஆரம்பித்தது. அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. நான் கேட்காமலே வீட்டிலிருந்த சின்ன வெங்காயம் முழுவதையும் உரித்துத் தள்ளிவிட்டாள்.

கடைசியில் டி-யைத் திறந்தேன். டி.வி. முழுக்க அவளுடைய டிசைன்கள் வந்து நின்றன. எல்லாரும் மாங்காய் போடும் இடத்தில், பண்ருட்டிப் பெண் ஒருத்தியின் கல்யாண ப்ளவுஸ் கைக்கு வரிசையாகப் பலாச்சுளை போட்டிருந்தாள். ஒவ்வொரு சுளையும் ஒவ்வொரு மஞ்சள். இவளுக்கு இப்படி வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. திரும்ப வரைந்துகொள் என்ற மாமாமேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இனிமே ஒரே எடத்துல வெக்காத" என்று திட்டிவிட்டு, என் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் அத்தனையையும் நகல் எடுத்துக் கையில் கொடுத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். "வீட்டுல பத்திரமா வெச்சுக்க."

"எங்க வெக்கறது?" என்றாள்.

கிண்டல் என்று நினைத்தேன். நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். "பீரோவுல உங்க மாமாவோட பத்திரம். ஷோகேஸ் ஃபுல்லா புள்ளைங்க வாங்கின கப்பு. தையல் மேசை ட்ராவுல ஆளாளுக்குக் கையை வுட்டு எதனா தேடுவாங்க. மாடியும் கீழயுமா கட்டிட்டோம்டி. எனக்குன்னு இருந்தது இந்த டி ஒண்ணுதான்." பிறகு, "உன் வூட்டுலயே இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டு எழுந்தேன். எங்கள் பீரோவைத் திறந்தேன், மூடினேன். அலமாரித் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் ஃபைல்கள், மாமியாரின் மாத்திரை டப்பாக்கள், பையனின் பழைய புத்தகங்கள். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, டிஸ்க் கையோடு இருக்கக் கூடத்துக்கே திரும்பி வந்தேன்.

"என்னாடி?" என்றாள் அக்கா.

ஒன்றுமில்லை என்றேன். தினமும் பள்ளிக்குத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் பையில் அதைப் போட்டு ஜிப்பை இழுத்தேன். அதை மட்டும்தான் எங்கள் வீட்டில் வேறு யாரும் திறப்பதில்லை.