பதினோரு அடுப்பு

குஞ்சம்மாளின் இடுப்புக் கயிற்றில் பதினோரு சாவிகள் தொங்கின. எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பிழைக்கப் போனவர்களின் வீட்டுச் சாவிகள். எண்பத்திரண்டில் மழை பொய்த்து, குரும்பலூரை ஒட்டிய அந்தக் காலனிக் கிணறு வறண்டதும் முதலில் போனவன் அவள் மருமகன் அழகேசன். அவன் தம்பியைக் கூப்பிட்டான், தம்பி மச்சானைக் கூப்பிட்டான், ஒரே வருசத்தில் தெருவே கிளம்பிவிட்டது. மகள் மலர்க்கொடி பஸ் ஏறும்போது சொன்னாள்: "இங்க தண்ணி மட்டும் வரட்டும்மா, மறுநாளே வந்துடறோம்."

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் குஞ்சம்மாள். கைப்பம்பு கேட்டு யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். "பத்து வூட்டுலயாவது ஆளு குடியிருக்கணும். திங்கக்கிழமை வந்து பாப்பேன்" என்றார் ஓவர்சியர். காலனியில் மிச்சமிருந்ததோ அவளும், நடக்கமாட்டாத பக்கத்து வீட்டுக் கிழவர் அய்யம்பெருமாளும்தான்.

திங்கட்கிழமை காலையில் பதினோரு பூட்டையும் திறந்தாள். வாசல் தெளிக்கத் தண்ணீர் ஏது, பெருக்கி மட்டும் விட்டாள். வீட்டுக்கு வீடு காய்ந்த பருத்திமார்க் குச்சி அள்ளிப்போட்டு அடுப்பு மூட்டினாள். ஒன்று பற்றுவதற்குள் இன்னொன்று அணைந்தது. ஒற்றை ஆளாய் ஓடி ஓடி ஊதியதில் கண் வீங்கிப்போயிற்று.

"என்ன ஆயா, அடுப்பு எரியுது, ஆளக் காணோம்?" என்றார் வந்து பார்த்த ஓவர்சியர்.

"ரோட்டு வேலைக்குப் போயிருக்காங்க சார்."

நம்பினாரோ, இரக்கப்பட்டாரோ, எழுதிக்கொண்டு போனார். ஆறாம் மாதம் பம்பு வந்தது. முதல் குடம் நிறைந்தபோது அவள் அழுதேவிட்டாள். அன்றைக்கே தபால்காரரிடம் சொல்லி மகளுக்குக் கடிதாசி எழுதிப் போட்டாள்.

மறுவாரம் மலர்க்கொடி வந்தாள், தனியாக. பம்பை அடித்து ஒரு வாய் குடித்தாள். "நல்ல தண்ணிம்மா." சோறு தின்று கை கழுவிய பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள்.

"ரேசன் கார்டை எடும்மா. இங்க பேரு நீக்குனாத்தான் திருப்பூர்ல புதுசு குடுப்பாங்களாம். எல்லா வூட்டு கார்டையும் வாங்கியாரச் சொன்னாங்க."

"தண்ணிதான் வந்துடுச்சேடி."

"வேலை வரலியேம்மா. நீயும் கிளம்பிடு."

"அய்யம்பெருமாளுக்கு யாரு கஞ்சி ஊத்துறது?"

குஞ்சம்மாள் பானைக்குள் பத்திரப்படுத்தியிருந்த பதினோரு கார்டையும் எடுத்துக் கொடுத்தாள். சாவியை மலர்க்கொடி கேட்கவில்லை. தன் வீட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் குஞ்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தவள், நேரே மகள் வீட்டைத் திறந்து அடுப்பு மூட்டினாள். பார்க்க எந்த ஓவர்சியரும் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.