வாசலில் கழற்றிய சப்பாத்து

திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பது. நோர்வேயின் குரோருட் என்ற ஊரில், என் புதிய அலுவலகத்தின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது தரையில் கிடந்த சேற்றுத் தடங்கள். நான் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உள்ளே போனேன்.

வரவேற்பு மேசையில் இருந்த தமிழ்ப் பெண் சிரித்தாள். "அக்கா, இது கோயில் இல்லை."

"ஓம், தெரியும்."

வடதுருவத்துக்குக் கிட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளில் ஏழு வருடம் வேலை செய்தேன். சுரங்கத் தொழிலாளரின் காலோடு நிலக்கரித் தூசி உள்ளே வராமலிருக்கத் தொடங்கிய வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது. ஹோட்டலானாலும் நூலகமானாலும் சப்பாத்து வாசலில்தான். போன வாரம் புறப்பட்டபோது, பனிக்கரடிக்குப் பயந்து வைத்திருந்த துப்பாக்கியையும் அறைச் சாவியையும் ஒப்படைத்தேன். எல்லோரிடமும் விடைபெற்றேன். இந்த வழக்கத்திடம் விடைபெறுவதாக இல்லை.

நோர்வேஜிய மேலாளர் வந்து என் கால்களைப் பார்த்தார். "இங்கே சப்பாத்து போட வேண்டும். உங்களுக்கு முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம்."

"தரையையும் ஒருக்கால் பாருங்கள்" என்றேன்.

அவர் பார்க்காமல் போனார்.

"முதல் நாளே வேலை போகப்போகுது, அக்கா" என்று அந்தப் பெண் கிசுகிசுத்தாள்.

"போனால் போகட்டும் பிள்ளை."

நாலு மணிவரை காலுறையோடுதான் வேலை செய்தேன்.