ஒரு மாதம் பூட்டு

நெல்லியடியில் தியாகலிங்கம் அண்ணையின் சைக்கிள் கடைக்கும் என் தையல்கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இருபத்தெட்டு வருடத்தில் அவர் கடையைப் பூட்டியது ஒரே ஒரு தடவை. மனைவி இறந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை ஒரு மாதம். அதனால் இந்த யூலையில் கதவில் வெண்கட்டியால் "ஒரு மாதம் பூட்டு" என்று எழுதியிருந்ததைக் கண்டு, செத்தவீடென்றே நினைத்து இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மனுசன் கேற்றுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டு நின்றாராம்.

"ஒருத்தரும் சாகேல்லை. பிள்ளைக்கு லீவு."

பிள்ளை என்றது நோர்வேயிலிருக்கும் மகள் உதயகலாவை. நாலு வருடத்துக்கு முன் அவள் வந்து நின்ற மூன்று கிழமையும் இவர் விடிய வந்து கடை திறந்து, பொழுதுபட்டுத்தான் வீடு போனார். "லீவிலை வந்த என்னோடை ஒரு நாள் இருந்தியளோ அப்பா" என்று அழுதுவிட்டுப் போனாள். அது அவருக்கு ஆறவேயில்லை. இம்முறை யூலை முழுக்க லீவு என்று அவள் சொன்னதும் கடையைப் பூட்டிவிட்டார். அங்கே ஒரு மாதம் சும்மா இருக்கச் சம்பளமும் கொடுக்கிறார்களாம். அதென்ன வேலையோ, எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

பூட்டிய ஐந்தாம் நாள் அவர் என் கடையில் இருந்தபோது மகள் போன் எடுத்தாள். அவருக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் கதைப்பார்.

"எப்ப பிள்ளை வாறியள்?"

"எங்கை அப்பா? நாங்கள் ஸ்பெயினிலை நிக்கிறம்."

"லீவெண்டு சொன்னாய்."

"ஓம், லீவுதான். அங்கை வந்தால் வீடு வீடாப் போகவேணும், கோயில், நேர்த்தி, சொந்தக்காரர். அது வேலையப்பா. நான் களைச்சுப் போனன். நீங்களும் கடையிலைதானே இருப்பியள்."

அவர் சுவரைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, கடையிலைதான்."

எனக்கு அந்தப் பிள்ளையில் கோபம் வந்தது. பிறகு அவள் சொன்னதும் சரிபோலப் பட்டது. அது இன்னும் குழப்பம்.

"என்னைப் பார்க்க வாறது வேலையோ, தம்பி?" என்று கேட்டார். நான் தையல் மிசினுக்கு நூல் கோர்த்தேன்.

எழும்பிப் போய்க் கடையைத் திறந்தார். நானும் பின்னால் போனேன். கதவில் எழுதியதை அழிக்கவில்லை. நட்டுக் கழற்றும் சாவி ஒன்றையும் தொடாமல் மர வாங்கில் இருந்தார்.

காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஒருவர் கதவைப் பார்த்துவிட்டு, செத்தவீடென்று நினைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆர் அண்ணை மோசம் போனது?"

இத்தனை நாளும் எல்லாருக்கும் சொன்ன "ஒருத்தரும் சாகேல்லை" என்ற பதில் அவர் வாயில் இருந்திருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்தார்.