உட்காரும் உரிமை பற்றி உட்கார்ந்து பேசியது

உட்காரும் உரிமையைப் பற்றி ஒரு பனியன் கம்பெனியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினேன். கேட்டவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. பேச்சு அவ்வளவு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்தது, அதாவது எனக்கு.

நான் வக்கீல் இல்லை. கல்லூரியில் வணிகச் சட்டம் என்று ஒரு தாள் இருந்தது. முதல் தடவை போய்விட்டதால் மறுபடியும் படிக்க வேண்டியிருந்தது, அதில் கொஞ்சம் மனதில் தங்கிவிட்டது. அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு உள்ளூர் மாத இதழ் ஒன்றில் புதிய சட்டங்களையும் தீர்ப்புகளையும் எளிய தமிழில் விளக்கி எழுதிவருகிறேன். எளிய தமிழ் என்றால் எனக்குப் புரிந்த அளவு என்று பொருள். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலிருந்தே மகனுக்குச் சமமான பங்கு உண்டு, சட்டம் திருத்தப்பட்ட நாளில் அப்பா உயிரோடு இருந்தாரா என்பதெல்லாம் கேள்வியே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒரு முறை விளக்கியிருந்தேன். அன்றிலிருந்து என் பெரியப்பா மகன் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் வேறு பந்திக்குப் போய்விடுகிறார். அந்தத் தீர்ப்பை எழுதியதே நான்தான் என்பது அவர் எண்ணம்.

என் மனைவியின் தம்பிக்கும் அப்படி ஏதோ ஓர் எண்ணம் இருந்திருக்க வேண்டும். அவர் கம்பெனிக்கு, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆடிட் வரவிருந்தது. வேலை செய்பவர்களுக்கு அவர்களுடைய உரிமைகள் தெரியுமா என்று ஆடிட்டில் கேட்பார்களாம். போன் செய்தார்.

"மாமா, நீங்க வந்து நம்ம ஆளுங்களுக்கு ஒரு சட்டம் சொல்லிக் குடுத்தீங்கன்னா பரவால்லீங்க."

"எந்தச் சட்டம் மாப்ள?"

"செலவு வைக்காத சட்டமாப் பாத்துச் சொல்லுங்க மாமா."

உட்காரும் உரிமை எனக்கு மலிவாகத் தெரிந்தது.

விஷயம் இதுதான். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலையில் நிற்க ஆரம்பித்த பெண்கள் கடை சாத்தும்வரை நின்றுகொண்டே இருப்பார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. கேரளம் இதற்கு முதலில் சட்டம் செய்தது. பிறகு நம் மாநிலமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம், வேலை நேரம் முழுவதும் காலிலேயே நிற்கும் நிலை கூடாது. நாளெல்லாம் உட்கார்ந்திருக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை, முதலாளிகள் அப்படித்தான் படிக்கிறார்கள். தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்பது அதைவிடப் பழைய விதி. அந்தப் பழைய சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் குடிபோய்விட்டது. போகும்போது நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது, ஆகவே பயமில்லை.

இதைத்தான் செக்கிங் பிரிவில் பேசினேன். தைத்து வந்த பனியன்களை ஒவ்வொன்றாக விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவு அது. மேஜைகள் நின்று பார்க்கும் உயரத்தில் இருக்கும். நான் உள்ளே போனதும் சூப்பர்வைசர் எங்கிருந்தோ ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து தன் கர்ச்சீப்பால் துடைத்தார்.

"உக்காருங்க சார். உங்களுக்காகத்தானுங்க."

உட்கார்ந்தேன். கடைச் சட்டத்தைப் பற்றியே நீண்ட நேரம் பேசிவிட்டேன் போலிருக்கிறது. ஓர் அம்மாள் கையிலிருந்த பனியனை மடித்துக்கொண்டே, "ஏனுங்க சார், நாங்க கடைங்களா, கம்பெனிங்களா?" என்று கேட்ட பிறகுதான் தொழிற்சாலைப் பக்கம் திரும்பினேன்.

பேச்சு முடிந்து, டீ குடித்து, அன்பளிப்பாகத் தந்த டி-சர்ட்டை அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் ஒரு பெண்ணிடம் பேசுவது காதில் விழுந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வெகுகாலம் முன்பு குடும்பத்தோடு வந்தவர், வயது என்னை ஒட்டி இருக்கும்.

"பாத்தீங்களாக்கா, ஒரு மணி நேரம் நின்னீங்க, ஒண்ணும் ஆகல பாருங்க. இனி இந்த ஸ்டூலு ஆபீஸ்லயே கிடக்கட்டும். வர்றவங்களுக்கு ஆகும்."

அவர் கையிலிருந்த பனியனை மேஜையில் வைத்தார். பிறகு, "சரி அண்ணாச்சி. நான் நின்னுக்கிடுதேன்" என்றார்.

விருந்தாளிக்காகத் தன் இருக்கையை விட்டுக்கொடுத்து நிற்கச் சம்மதிக்கும் பெருந்தன்மை என்னை உருக்கியது. வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அடுத்த கட்டுரைக்கு முதல் வரியாகவும் குறித்து வைத்தேன்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை போன் செய்தார்.

"மாமா, செக்கிங்ல அந்த அக்கா நின்னுட்டாங்க."

"தெரியும் மாப்ள. நான் இருக்கறப்பவே சொன்னாங்களே."

"உங்களுக்குத் தெரியுமா? ஏனுங்க மாமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நிக்கறதச் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

மாப்பிள்ளை ஓவர்லாக் தையல் மிஷின்களின் சத்தத்தை விட்டு வெளியே வந்து சொன்னார்.

"மாமா, வேலைய விட்டு நின்னுட்டாங்க."

தமிழில் பிழைப்பவன் நான். வேலைக்குச் சேர்ந்தவர் விலகினால் 'நின்றுவிட்டார்' என்போம் என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். பிறகு மாப்பிள்ளை விவரம் சொன்னார். அந்த அக்காவுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும் வியாதி. தொடர்ந்து நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் வீட்டிலிருந்தே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து, ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டு வரும்வரை உட்கார்ந்துகொள்வாராம். அந்த நீல ஸ்டூல் அவருடைய சொந்த ஸ்டூல். நான் உட்காரும் உரிமையை விளக்கியது அதன் மேல் உட்கார்ந்து. நான் வந்து பேசியதால்தான் அது அவரிடமிருந்து போனது. அவர் வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை. கணவர் கட்டிலில் கிடந்து கொஞ்ச காலமாகிறது. வேறு கம்பெனிக்குப் போனாலும் செக்கிங் என்றால் நிற்கத்தான் வேண்டும்.

"ஷெட்டு போட்ட நாள்ல இருந்து கூட இருந்தவங்க மாமா. நீங்களே போய்க் கூப்புடுங்க. உக்காந்தது நீங்கதானுங்க."

ஸ்டூலை ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக்கொண்டு போனேன். லைன் வீடு. உள்ளே ஒரே ஒரு நாற்காலி, கட்டிலில் அவர் கணவர். அந்தப் பெண் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் இல்லை, நிற்கிறேன் என்றேன்.

"உக்காருங்க அண்ணாச்சி. இங்க சட்டம் ஒண்ணும் கெடையாது."

உட்கார்ந்தேன். வந்த விஷயத்தைச் சொன்னேன். ஸ்டூல் திரும்ப வந்துவிட்டது, நீங்களும் வந்துவிடுங்கள், உட்கார்ந்துகொள்ளலாம் என்றேன்.

"நான் மட்டும் உக்காந்தா நல்லாவா இருக்கும்? முந்தியே அதான். எல்லாரும் என்னைப் பாக்காவ, நான் தரையப் பாக்கேன். சீக்குக்காரிக்குச் சலுகைன்னு பேரு. நீங்க அன்னைக்கு எல்லாருக்கும்னுதான சொன்னிய?"

"ஆமா."

"அப்ப எல்லாருக்கும் போடச் சொல்லுங்க. போட்டா வாரேன்."

மாப்பிள்ளை இதைக் கேட்டு மறுக்கவில்லை. மேஜை உயரத்துக்கு ஏற்ற ஸ்டூல்களை வெல்டிங் பட்டறையில் செய்யச் சொல்லலாம் என்றார். ஆடிட்டுக்காக வாசலில் போர்டு வைக்கவும் சம்மதித்தார். அதில் என்ன எழுதுவது என்பதுதான் பிரச்சினை.

"மாமா, கம்பெனி வாசல்ல 'உக்கார்றது'ன்னு எழுத வேண்டாமுங்க."

"ஏன்?"

"உக்காந்துருச்சுன்னா இந்த ஊர்ல என்னங்க அர்த்தம்? கடனுக்கு நூல் குடுக்கறவன் பாத்தான்னா, கம்பெனி உக்காந்துருச்சுன்னு மறுநாளே வந்து நிப்பானுங்க."

நியாயம்தான். நொடித்துப்போன கம்பெனியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். 'அமரும் உரிமை' என்று எழுதலாமே என்றேன். அதைப் படித்துப் பார்த்த சூப்பர்வைசர், "அமரர் ஊர்தி ஞாபகம் வருதுங்க சார்" என்றார். 'இருக்கை உரிமை' என்றேன். அதை இரு கை உரிமை என்று படித்தார் ஒருவர், அப்போ காலுக்கு இல்லீங்களா என்று கேட்டார் இன்னொருவர். கடைசியில் என் மேதைமை முழுவதையும் திரட்டி ஒரு வாசகம் தந்தேன்: 'செக்கிங் ஆட்கள் நிற்கத் தேவையில்லை.'

பெயிண்டர் அதை அழகாக எழுதி, வாசலில் வழக்கமாகத் தொங்கும் 'டெய்லர், செக்கிங் ஆட்கள் தேவை' என்ற போர்டுக்கு நேர் கீழே மாட்டிவிட்டுப் போனார். வேலை கேட்டு வந்தவர்கள் மேலே படித்துக் கேட் வரை வந்து, கீழே படித்து, காத்து நிற்க வேண்டாம் போல என்று திரும்பிப் போனார்கள். போர்டு எடுக்கப்பட்டது. ஸ்டூல்கள் மட்டும் வந்தன, எந்த வாசகமும் இல்லாமல். அந்த அக்கா நீல ஸ்டூலை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, மற்றவர்களுக்குப் போட்டதைப் போன்ற இரும்பு ஸ்டூலிலேயே வேலையைத் தொடர்ந்தார். ஆடிட் நடந்தது. கம்பெனி இன்றுவரை உட்காரவில்லை.

சமீபத்தில் மாப்பிள்ளை மறுபடியும் அழைத்தார், இந்த முறை வேறொரு சட்டம். செக்கிங் பிரிவுக்குள் நுழைந்தேன். எல்லோரும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத்தான் ஒன்றும் இல்லை. சூப்பர்வைசர் பழக்க தோஷத்தில் யாரிடமிருந்தாவது எடுக்கலாமா என்று சுற்றும் முற்றும் பார்த்தார், யாரும் அசையவில்லை. பரவாயில்லை, நின்றே பேசுகிறேன் என்றேன். சமத்துவத்தின் இந்தக் காட்சியைக் கட்டுரையில் எப்படி முடிப்பது என்று உள்ளுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடி அக்கா பனியனை விரித்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"நின்னே பேசுங்க அண்ணாச்சி. சுருக்கா முடிச்சிருவிய."