ரிட்டர்ன் அக்காவின் நீலம்

பெயின்ட் கம்பெனியில் அவளை எல்லோரும் ரிட்டர்ன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் நிறம் பார்க்கிற வேலை. கலவைத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தகட்டில் தடவி நீட்டினால், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே பார்வை. "ரிட்டர்ன்." மொத்தத் தொட்டியும் திரும்பிப் போகும். ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி அட்டை இருந்தது. அவள் அதைத் தொட்டதே இல்லை. "என் கண்ணை விடவா அட்டை?" என்பாள்.

ஓய்வு பெற்றபின் தங்கையோடு ஒரே வீட்டில் இருந்தாள். தங்கை மகளுக்குப் பிரசவம் நெருங்கியதும், குழந்தைக்கு ஏழு நிறத்தில் பட்டை பட்டையாகக் கம்பளிப் போர்வை பின்ன உட்கார்ந்தாள். கடையில் விற்கிற கலர் நூலை நம்புகிற ஆளா அவள்? வெள்ளை நூலைச் சிட்டம் சிட்டமாக வாங்கி, சாயப்பொடியும் வினிகரும் போட்டுத் தானே கொதிக்கவைத்துக் கொடியில் உலர்த்தினாள். சிவப்பும் மஞ்சளும் சொன்ன பேச்சைக் கேட்டன. நீலம்தான் மக்கர் செய்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி மங்கலாக வந்தது.

முதல் சந்தேகம் சாயக்கடைக்காரர் மேல் விழுந்தது. டப்பாவைக் கொண்டுபோய் அவர் மேசையில் டொக்கென்று வைத்தாள்.

"என்னத்தைக் கலந்தீங்க இதுல?"

"அக்கா, சீல் பிரிக்காம கொடுத்த டப்பா. நான் எப்படிக் கலக்குறது?"

"சீலை மறுபடி ஒட்டத் தெரியாதா?"

அவர் வேறு டப்பா எடுத்துக் கொடுத்தார். அதுவும் அதே லட்சணம். அவள் பொடியை இரண்டு மடங்காக்கினாள், பிறகு மூன்று மடங்காக்கினாள். போர்வையைப் பார்த்த தங்கை முகத்தைச் சுளித்தாள்.

"அக்கா, நீலம் கண்ணைக் குத்துதே. கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?"

குத்துகிறதாம்! கிண்டலா இது? வீட்டில் துணி துவைப்பவள் தங்கைதான். கொடியில் காயும் நூலைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தால் யாருக்குத் தெரியும்? மறுநாள் சிட்டத்தின் நுனியில் மூன்று முடிச்சு போட்டு வைத்தாள். காய்ந்ததும் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். முடிச்சு அவிழவில்லை, பூட்டும் அசையவில்லை. இருந்தும் நீலம் வெளுத்துத்தான் கிடந்தது. அப்படியென்றால் கைகாரி, தடயமே விடாமல் செய்கிறாள்.

ஒரு மாலை, தங்கை சாயக்கடை வாசலில் நின்று சிரித்துப் பேசுவதைக் கண்ணால் பார்த்தாள். போதாதா?

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் என்னைப் பைத்தியமாக்குறீங்க!"

"நீ கடையில பேசினதுக்கு அவருகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வரேன்" என்றாள் தங்கை. அதோடு பேச்சு நின்றது. சாப்பாடு மட்டும் மூடிவைத்த தட்டில் மேசைக்கு வந்தது.

பின்னும்போது கண்ணிகள் நழுவ ஆரம்பித்தன. கண்ணாடியை மாற்றலாம் என்று கண் டாக்டரிடம் போனாள். இரண்டு கண்ணிலும் புரை என்றார் அவர். அவள் நம்பவில்லை. இன்னொரு டாக்டரிடம் போனாள். அங்கேயும் அதே பதில்.

"அஞ்சாறு வருஷமா வளர்ந்திருக்கும்மா. நீலமெல்லாம் மங்கலாத் தெரியுமே?"

அறுவைக்கு எந்தத் தேதி என்று கேட்டாள்.

வலது கண்ணில் அறுவை நடந்தது. பேசாமலேயே தங்கை கூட வந்தாள். கட்டுப் பிரித்து வீடு திரும்பியதும் போர்வையை ஜன்னலருகே விரித்தாள். இடது கண்ணை மூடினால், தீப்பிடித்தாற்போல் ஒரு நீலம். வலது கண்ணை மூடினால், பாத்திரம் கழுவிய தண்ணீர். மாற்றி மாற்றி மூடிப் பார்த்தாள்.

"நீ சொன்னது சரிதான்டி" என்றாள். தங்கை சிரிக்கவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அஞ்சாறு வருஷம் என்றாரே டாக்டர். ஓய்வு பெற்று இரண்டு வருஷம்தான் ஆகிறது. கம்பெனியில் கடைசிக் காலத்தில் நீலத்தைத் தொட்டி தொட்டியாகத் திருப்பி அனுப்பினாளே! கலவைக்காரர் பொடியைத் திருடுகிறார் என்று எழுதிக் கொடுத்து, அவரை மூட்டை ஏற்றுகிற இடத்துக்குத் தள்ளியதும் அவள்தானே!

மறுநாளே டாக்டர் சீட்டோடு, தன் தவறைக் கைப்பட எழுதி எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். கலவைக்காரர் லாரியருகே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த நீலம் சரியாத்தான் இருந்துச்சு. என் கண்ணுதான் கெட்டுப்போயிருந்துச்சு" என்றாள்.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா."

"ஏன் சொல்லலை?"

"யாருகிட்ட? உங்க கண்ணை எவன் சந்தேகப்படுவான்?"

அவள் காகிதத்தை நீட்டினாள். அவர் சட்டென்று வாங்கவில்லை. வாங்கியபின் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல உள்குத்து ஒண்ணும் இல்லையே?"

"வரிக்கு வரி படிச்சுப் பாருங்க. நான் நிக்கிறேன்."

வெயிலில் நின்றாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, அவள் முகத்தை ஒரு தடவை பார்த்து, மேனேஜர் அறைக்கு நடந்தார். அடுத்த மாதமே அவரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவளிடம் அவர் நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.